மேற்படிப்புக்குப் பணம் உண்டு, கேட்டு வாங்குவோம்

(முசிறியில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

 

தொட்டியத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். தாத்தையங்கார்பேட்டையிலிருந்து வந்திருக்கிறீர்கள். பாலத்தைக் கடந்து குளித்தலையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வாழை போட்டவர்கள் இருக்கிறீர்கள்; கோரை அறுத்துப் பாய் நெய்கிற குடும்பத்தார் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பட்டம் வாங்கிய பிள்ளை மேற்கொண்டு எம்.ஏ. படிக்கிறேன், எம்.எஸ்சி. படிக்கிறேன், எம்.பி.ஏ. படிக்கிறேன், எம்.டெக். படிக்கிறேன் என்று சொன்னால் அதற்குப் பணம் எங்கே இருக்கிறது? யாருக்குக் கிடைக்கும்? எப்படிக் கேட்க வேண்டும்? இன்றைய பேச்சு முழுவதும் இதுதான்.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "டிகிரி வரைக்கும் படிக்க வெச்சாச்சு, இனி வேலைக்குப் போ" என்பதுதான் அந்தப் பதில். மகளாக இருந்தால் அந்தப் பதில் இன்னும் சீக்கிரமாக வரும். நான் பெற்றோரைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்கத் திட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றி நாம் பெருமைப்பட வேண்டும். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால், தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவனுக்கும் மாதம் 1,000 ரூபாய். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தப் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகிறது.

ஆனால் இந்தத் திட்டங்கள் எந்த வகுப்பு வரைக்கும்? இளநிலைப் பட்டம் வரைக்கும். முதல் பட்டதாரிச் சலுகை முதல் பட்டத்தோடு முடிகிறது. மாதம் 1,000 ரூபாய் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்த மாணவிக்குக்கூட முதல் மூன்று ஆண்டுக்குத்தான் அந்தத் தொகை.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையைப் பாருங்கள். மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு இலவசக் கல்வித் திட்டம், வருமான நிபந்தனை இல்லை. அதே பிள்ளை முதுநிலைக்குப் போனால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. பிள்ளை அதே பிள்ளை, வீடு அதே வீடு. படிப்பு ஒரு படி ஏறியதும் நிபந்தனை குறுக்கே வந்து நிற்கிறது.

காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் மதகைத் திறக்கிறார்கள். முசிறியில் ஆறு நிறையப் போகிறது. கடைமடையில் இருக்கும் விவசாயியோ வாய்க்காலில் இறங்கி நின்று தண்ணீருக்குக் காத்திருக்கிறான். கல்விக்கான பொதுப்பணத்தில் முதுநிலை மாணவன்தான் கடைமடை விவசாயி. தண்ணீர் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிற தண்ணீர் கொஞ்சம். அது எந்த வாய்க்காலில் எப்போது வரும் என்று தெரிந்தவன்தான் பயிரைக் காப்பாற்றுகிறான்.

பொதுப்பணத்தை மேற்படிப்புக்குச் செலவிடத்தான் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மனிதர்களின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பட்டம் வாங்கவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அவர்தான் சீனிவாச ராமானுஜன். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன் ஒரு கேள்வி வந்தது. பட்டமே இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாமா? விதியைப் பார்த்தால் கூடாது. அறிவைப் பார்த்தால் கொடுத்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகம் அறிவைப் பார்த்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எழுத்தர் மேசையிலிருந்து அவர் எழுந்து வர முடிந்தது இந்த 75 ரூபாயால்தான். மறு ஆண்டே அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். இன்றைக்கும் உலகம் முழுவதும் அவருடைய கணக்குகளை ஆராய்கிறார்கள். அந்தப் பணம் வீணாய்ப் போயிற்றா? நீங்களே சொல்லுங்கள்!

இரண்டாமவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுக்கு. 1915இல் எம்.ஏ. முடித்தார்; அடுத்து லண்டனில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நிற்க, நாடு திரும்பினார். யோசித்துப் பாருங்கள். அம்பேத்கரின் படிப்பே பணம் இல்லாமல் பாதியில் நின்றிருக்கிறது! அவர் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டாரா? பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடியும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

உதவித்தொகை, சொந்தச் சேமிப்பு, பெரியவர் உதவி, நண்பரிடம் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த மேற்படிப்பை முடித்துக் கொடுத்தன. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியபோது, அதே அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பாதியில் நிற்பதன் வலி தெரிந்தவர் அங்கே இருந்தார்.

சரி, இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் நான் ஒரு விதியைச் சொல்லப்போகிறேன். வீட்டுக்குப் போகும்போது இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொண்டு போங்கள். திருப்பித் தர வேண்டாத பணத்தை முதலில் கேளுங்கள். திருப்பித் தர வேண்டிய பணத்தை அப்புறம் கேளுங்கள்.

நம் ஊரில் நடப்பது தலைகீழ். பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் முதலில் வீட்டு நகை அடகுக்குப் போகிறது. அது பற்றவில்லை என்றால் வட்டிக்காரர் வீட்டுக்கு. வங்கிக்குப் போவது அப்புறம். உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும்!

திருப்பித் தர வேண்டாத பணம் எவை? பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு, ஆராய்ச்சிக்கும் உண்டு. பெற்றோர் வருமான வரம்பு 2.5 லட்சம். பிற்படுத்தப்பட்டோருக்கும் அதே வரம்புக்குள் முதுநிலை உதவித்தொகை உண்டு என்று ஏற்கெனவே சொன்னேன்.

அடுத்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 10,000 பேருக்கு. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. இளநிலையில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதுநிலை முதலாண்டில் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சல் வழியில் படிப்பவருக்குக் கிடையாது. கணக்குப் போடுங்கள்: இரண்டு ஆண்டில் மூன்று லட்சம் ரூபாய்! முசிறியிலிருந்து ஒரு மாணவி திருச்சியில் தங்கி எம்.எஸ்சி. படித்து முடிக்க அது பெரும்பணம். இதற்கு நம் வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அடுத்த ஆண்டு கை தூக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வெழுதி வெல்கிற பணமும் இருக்கிறது. பொறியியல் பட்டதாரி கேட் (GATE) என்ற தகுதித் தேர்வில் தேறி அங்கீகாரமுள்ள கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். எம்.ஏ., எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வெழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுவிட்டால், ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். ஆராய்ச்சி செய்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிற தாத்தாவுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் முதுநிலை படிக்க விரும்பும் பட்டியலின, பழங்குடி மாணவருக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது.

இத்தனையும் கேட்ட பிறகும் பற்றாக்குறை இருந்தால்? அப்போது வங்கிக்குப் போங்கள். தலை நிமிர்ந்து போங்கள்.

கல்விக் கடன் மேலாளர் போடும் பிச்சை இல்லை. நாட்டின் வங்கிகள் எல்லாம் சேர்ந்த இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. அதன் அடிப்படையில்தான் கடன் தருகிறார்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமல் கொடுப்பதற்காகவே மத்திய அரசு 2015இல் கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. மாணவர் கட்டத் தவறினால் அதில் 75 விழுக்காட்டை அந்த நிதி வங்கிக்கு ஈடுகட்டும். கல்லூரிக் கட்டணம் மட்டுமில்லை. விடுதி, புத்தகம், கணினி ஆகியவற்றுக்கும் கடனில் இடம் உண்டு. படிக்கிற காலத்திலும், முடித்த பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை.

தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு! வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். எம்.பி.ஏ. படிக்க ஒரு மாணவர் முதலாண்டு 2 லட்சம், இரண்டாமாண்டு 2 லட்சம் வாங்குகிறார். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு வட்டி 20,000. இரண்டாமாண்டு 40,000. வேலை தேடும் ஓராண்டுக்கு இன்னொரு 40,000. ஆக ஒரு லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் நாலு லட்சமாக இருக்காது; ஐந்து லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 6,600 ரூபாய். அந்த ஒரு லட்சம் வட்டியை யாராவது ஏற்றுக்கொண்டிருந்தால் மாதம் ஏறக்குறைய 5,300 ரூபாய்தான். பத்து ஆண்டில் வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்!

அந்த வட்டியை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா? இருக்கிறது. 2009 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் நடக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்ப, தொழிற்படிப்புப் படித்தால், தவணை தொடங்காத காலத்து வட்டி முழுவதையும் அரசே கட்டும். ஆனால் பெற்றோரே, இந்த இடத்தை உன்னிப்பாகக் கேளுங்கள். இந்த மானியம் ஒருவருக்கு ஒருமுறைதான். இளநிலைக்கு வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. ஆகவே கல்லூரியில் முதல் வருடம் சேரும்போதே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இளநிலைச் செலவு குறைவாக இருந்து, எம்.பி.ஏ.வோ எம்.டெக்.கோ படிக்கும் எண்ணம் இருந்தால், இந்த ஒற்றை வாய்ப்பைச் சின்னக் கடனுக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

2024 நவம்பர் 6ஆம் தேதி மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலக்ஷ்மி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றால் அடமானமும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்காத காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவருக்கு இந்தச் சலுகை. மத்திய அரசு நிறுவனங்கள் இதில் அடங்கும். நமக்குப் பக்கத்திலேயே திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது, ஐ.ஐ.எம். இருக்கிறது, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. நன்கொடை கொடுத்து ஒரு சீட்டு வாங்குவதற்கு முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

வங்கியில் "முடியாது" என்று சொன்னால்? அப்போது உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. எங்கள் கிளை எல்லைக்குள் நீங்கள் வரவில்லை என்று காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் தாமாக மறுக்கக் கூடாது; மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும் என்கிறது மாதிரித் திட்டம். மாணவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்குப் போங்கள். முப்பது நாளில் வங்கி பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

உரிமையைச் சொன்னால் கடமையையும் சொல்ல வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நீங்கள் கட்டுகிற பணம்தான் அடுத்து வருகிற பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. அரசு தள்ளுபடி செய்யும் என்று காத்திருந்து தவணையை விட்டால், உங்கள் பெயர் மட்டும் கெடாது. கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கெடும். நாளைக்கு அவர் வாழைக்குப் பயிர்க்கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேலை கிடைக்கவில்லையா? ஒளிந்துகொள்ளாதீர்கள். வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்துத் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். வேலையில்லாக் காலத்துக்கு இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. வசூலுக்கு வருகிறவர் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் கட்டளைதான்.

இனி அரசுகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். இங்கிலாந்தில் 2016 வரைக்கும் முதுநிலைப் பட்டத்துக்கு அரசுக் கடன் கிடையாது; இளநிலைக்குத்தான் இருந்தது. நம்மைப் போலவே அங்கேயும் நடுவில் ஒரு பள்ளம். 2016இல் அதை நிரப்பினார்கள். 10,000 பவுன் வரை கடன் கொடுத்தார்கள். படித்தவரின் ஆண்டு வருமானம் 21,000 பவுனைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அதுவும் தாண்டிய தொகையில் 6 விழுக்காடு. சம்பாதித்தால் கட்டு, சம்பாதிக்காவிட்டால் காத்திரு. நம் நாட்டில் சம்பளம் எட்டாயிரமானாலும் எண்பதாயிரமானாலும் ஒரே தவணை. வருமானத்துக்கு ஏற்ற தவணையை நாம் ஏன் கேட்கக் கூடாது?

எம்.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைக்கும் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைக்கும் முழு வட்டி மானியம் இல்லை, அது தொழிற்படிப்புக்குத்தான். நாளைக்கு நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறவர்கள் இவர்கள்தானே? இவர்களுக்கு ஏன் இல்லை? முசிறி அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடித்த மாணவி, மாதம் வந்த 1,000 ரூபாய் நின்றுபோன அதே மாதத்தில், மேலே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த 1,000 ரூபாயை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக் கொடுங்கள் என்று நாம் தமிழ்நாடு அரசைக் கேட்க வேண்டும். இளநிலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த அரசு, மீதி இரண்டு ஆண்டையும் தாங்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

கேட்பது இருக்கட்டும், நாம் செய்ய வேண்டியதை நாளைக்கே தொடங்கலாம். இளநிலை இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு படிக்கிற ஒவ்வொருவரும் வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். விண்ணப்பிக்கும் பருவத்தில் புதிதாக இருக்கட்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை நேரே அந்தக் கணக்குக்குத்தான் வரும். தேசிய உதவித்தொகை இணையதளத்தின் கடைசித் தேதியைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். முதுநிலை படிக்கிறவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தம்பி தங்கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். ஆசிரியர்களே, பாடத்தோடு சேர்த்து இந்தப் பணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை மேலே படிக்கிறேன் என்று சொன்னால், முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். அந்த ஒரு மாதத்தில் எங்கெங்கே பணம் இருக்கிறது என்று தேடிவரச் சொல்லுங்கள். மகளுக்கும் அதே ஒரு மாதம் கொடுங்கள்!

மாணவச் செல்வங்களே, திருப்பித் தர வேண்டாத பணத்தை முதலில் கேளுங்கள். திருப்பித் தர வேண்டியதைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை நாணயமாகக் கட்டுங்கள். பொதுப்பணம் உங்கள் தாத்தாவும் பாட்டியும் கட்டிய வரியில் சேர்ந்த பணம். உரம் வாங்கும்போதும் பஸ் ஏறும்போதும் அவர்கள் கொடுத்த காசு அதில் இருக்கிறது. அதில் உங்கள் பங்கைக் கேட்க நீங்கள் கூச வேண்டியதில்லை. கேளுங்கள், படியுங்கள், இந்த வட்டாரத்துக்கு நல்ல ஆசிரியர்களாக, ஆராய்ச்சியாளர்களாக, அதிகாரிகளாகத் திரும்பி வாருங்கள்!